கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ்

எங்கள் சோளிங்கரில் பையன்கள் ஃபுட்பால் ஆடும்போது ஒரு வழக்கம் உண்டு. வேகமாக ஓட வராதவன், கொஞ்சம் உயரமாகவும் இருந்துவிட்டால், "நீ போய் கோல்ல நில்லுடா" என்று அனுப்பிவிடுவார்கள். அப்படி நின்றவன்தான் நான். பத்து பந்தைத் தடுத்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒன்றை விட்டால் ஒரு வாரத்துக்குப் பேச்சு.

அதனாலோ என்னவோ, 2024-ல் 'மைதான்' இந்திப் படம் வந்து எல்லோரும் பயிற்சியாளர் ரஹீமைப் பற்றிப் பேசியபோது, என் கண் அந்த அணியின் கோல்கீப்பர் மேல் போனது. பீட்டர் தங்கராஜ். பெயரிலேயே தமிழ் இருக்கிறது. ஆனால் நான் கேட்ட நண்பர்களில் ஒருவருக்குக்கூட அவரைத் தெரியவில்லை!

1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். ஆறடி மூன்று அங்குலம். செகந்திராபாத் கிளப்புகளில் ஆடத் தொடங்கியபோது அவர் கோல் அடிக்கிற ஆள், சென்டர் ஃபார்வர்டு. 1953-ல் ராணுவத்தில், நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் சேர்ந்தார். அங்கேதான் கோல்கீப்பராக மாறினார். அந்த அணி 1955, 1958 இரண்டு முறையும் டூரண்ட் கோப்பையை வென்றது.

அந்தக் காலத்து ஆட்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் நம்மவர்கள் பலர் வெறுங்காலோடு ஆடி யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றார்கள். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. பந்து முழுக்கத் தோல். கல்கத்தா லீக் நடப்பதோ மழைக்காலத்தில். தோல் தண்ணீரில் ஊறினால் எவ்வளவு கனக்கும் என்று ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பந்தைத்தான் தங்கராஜ் பாய்ந்து பிடித்தார், மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டி உதைத்தார்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பிடித்தபோது அணியில் இருந்தார். 1960 ரோமில் அவர்தான் கோல்கீப்பர். ஹங்கேரியிடம் 1-2 என்றுதான் தோற்றோம். அந்த ஹங்கேரி கடைசியில் வெண்கலம் வாங்கியது. பிரான்சுடன் 1-1. இன்று இதைச் சொன்னால் நம்புவார்களா?

ஆனால் எனக்குப் பிடித்தது 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுதான். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்கவில்லை. அதை இந்தியாவின் ஜி.டி. சோந்தி எதிர்த்தார். ஊரே நம் மேல் கொதித்தது, இந்தியத் தூதரகத்தைத் தாக்கினார்கள். இறுதி ஆட்டத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தார்கள். அரையிறுதியில் கோல் காத்தவர் பிரத்யோத் பர்மன். இறுதியில் ரஹீம் நிறுத்தியது தங்கராஜை. எதிரே தென்கொரியா, முதல் சுற்றில் நம்மை 2-0 என்று வென்ற அதே அணி.

இருபது நிமிடத்துக்குள் பி.கே. பானர்ஜியும், தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். சரி, மிச்ச நேரம்? ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்த இரண்டு கோலைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கடைசி நிமிடங்களில்தான் கொரியா ஒன்றை அடித்தது. 2-1, தங்கம். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு நமக்குத் தங்கமே கிடைக்கவில்லை. ஆட்டக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். கோல் அடித்த இருவர் பெயருக்கு எதிரே நிமிடம் போட்டிருக்கும். எத்தனை பந்தைத் தங்கராஜ் தடுத்தார், எந்த நிமிடத்தில் தடுத்தார் என்று ஒரு வரி இருக்காது. (எங்கள் தெரு மேட்சிலும் இதே கதைதான்!)

முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். 1967-ல் அர்ஜுனா விருது. 2008 நவம்பரில் பொகாரோவில் காலமானார்.

வேலூர் பக்கம் ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகள் ஏராளம். உங்கள் தாத்தா யாராவது ஐம்பதுகளில் வெலிங்டனில் இருந்திருந்தால், தங்கராஜ் கோல் காத்ததைப் பார்த்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்.