பீரோ மேல் கிடந்த மடிக்கணினி



"டீச்சர், எப்பப் பார்த்தாலும் பழைய கதையே எழுதறீங்க, கம்ப்யூட்டர் பத்தி ஏதாவது எழுதுங்களேன்" என்று போன மாதம் ஒருத்தன் கேட்டிருந்தான். எழுதுகிறேன். ஆனால் இதுவும் பழைய கதைதான். நடுவில் நான் கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பும் இருக்கிறது. பதிவு நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எங்கள் வீட்டு பீரோ மேல் ஒரு மடிக்கணினி வருடக்கணக்காகக் கிடந்தது. என் இளையவன் அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் டூ படித்தபோது 2012இல் கொடுத்தது. ஆமாம், முதலமைச்சர் படம் ஒட்டிய அதே விலையில்லா மடிக்கணினிதான். உங்களில் பாதிப் பேர் வீட்டில் அதே பெட்டி இருந்திருக்கும். அவன் வேலைக்குப் போய்ப் புதிது வாங்கியதும் இதை என்னிடம் விட்டுப் போனான். கேள்வித்தாள் அடிக்க, ஓய்வூதியக் கடிதம் எழுத என்று ஓட்டினேன். பிறகு அது படுத்துவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டுக் குக்கர் வைத்து மூன்று விசில் வந்த பிறகும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடையில் காட்டினேன். "இனி இது ஓடாதும்மா, எடைக்குப் போட்டுருங்க" என்றார்கள்.

இந்தப் பொங்கலுக்குப் பெங்களூருவிலிருந்து வந்த என் பழைய மாணவன் ஒருவன் அதை இறக்கித் துடைத்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் சொருகினான். மடிக்கணினியைத் தொடங்கும்போதே எஃப் 12 பொத்தானைத் தட்டி, ஹார்ட் டிஸ்க்கை விட்டுவிட்டு பென் டிரைவிலிருந்து கிளம்பு என்று அதற்குச் சொன்னான். (சில கணினிகளில் வேறு பொத்தானாக இருக்கும், தொடக்கத் திரையின் ஓரத்தில் எழுதியிருக்கும்.) கொஞ்ச நேரத்தில் ஒரு நாய்க்குட்டிப் படத்தோடு திரை வந்தது. அவன் பென் டிரைவைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். திரை அப்படியே இருந்தது. எழுதினேன், படம் வரைந்தேன், கூட்டல் கணக்குப் போட்டேன். எல்லாம் சட்டென்று நடந்தது. ஹார்ட் டிஸ்க்கை அது தொடவே இல்லை.

"இது எங்கேர்ந்துடா ஓடுது?" என்று கேட்டேன். "ரேம்லேர்ந்து டீச்சர்" என்றான்.

இந்த ரேம் விஷயத்தை விளக்கிவிடுகிறேன். ஹார்ட் டிஸ்க் என்பது நம் வீட்டுப் பரண். ரேம் என்பது சமையல் மேடை. காய் நறுக்குவது, மாவு பிசைவது எல்லாம் மேடையில்தான். பரண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மேடை சின்னதென்றால் ஒவ்வொரு சாமானுக்கும் ஏணி போட்டு ஏறி இறங்க வேண்டும். என் மடிக்கணினியில் 2 ஜிபி மேடை. கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளே அந்த மேடையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நான் எங்கே நறுக்குவது? மூன்று விசில் வரை வட்டம் சுற்றியதற்கு அதுதான் காரணம்.

இந்த எடை எப்படி ஏறியது என்று பாருங்கள். 1995இல் வந்த விண்டோஸ் 95 கேட்ட குறைந்தபட்ச ரேம் 4 எம்பி. 2001இல் எக்ஸ்பி 64 எம்பி கேட்டது. 2009இல் விண்டோஸ் 7க்கு 1 ஜிபி வேண்டும். 2021இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி. அதற்குக் குறைந்தால் வாசலிலேயே நிறுத்திவிடும். 26 ஆண்டில் ஆயிரம் மடங்கு! நான் அடிக்கும் கேள்வித்தாள் என்னவோ இன்றும் இரண்டு பக்கம்தான்.

இனி சரித்திரம்.

1991இல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயதுப் பையன் படித்துக்கொண்டிருந்தான். அவனிடம் இருந்தது 386 என்ற வகைக் கணினி, 4 எம்பி ரேம். ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் என்ற பேராசிரியர், மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்கென்றே மினிக்ஸ் என்று ஓர் இயங்குதளம் எழுதியிருந்தார். இயங்குதளம் எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்துப் படிப்பதற்கான ஒன்று. ஒரு வாத்தியார் செய்த வேலையைப் பாருங்கள்! லினஸ் அதை வைத்துப் பழகிவிட்டுத் தானே ஒன்று எழுதத் தொடங்கினான். ஆகஸ்ட் 25 அன்று, இது சும்மா பொழுதுபோக்கு, பெரிதாக ஒன்றும் வராது என்ற தொனியில் இணையத்தில் ஓர் அறிவிப்புப் போட்டான். செப்டம்பரில் முதல் வடிவம் வந்தது. மொத்தம் சுமார் 10,000 வரி நிரல். அதுதான் லினக்ஸ். மறு ஆண்டு, யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமத்தின் கீழ் அதை விட்டான். அந்த உரிமத்தை வகுத்தவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983இலிருந்தே சுதந்திர மென்பொருள் வேண்டும் என்று தனி ஆளாகக் கத்திக்கொண்டிருந்தவர்.

ஆகவே லினக்ஸ் பிறக்கும்போதே சின்ன மேடையில்தான் பிறந்தது. பிற்பாடு அதற்கும் சதை போட்டது. அழகழகான திரைகள், நிழல்கள், அசையும் சன்னல்கள். அப்போது உலகின் பல மூலைகளில் சிலர், "இருக்கிற பழைய கணினியை என்ன செய்வது?" என்று கேட்டார்கள். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

ஜெர்மனியில் கிளாஸ் நாப்பர் என்பவர் 2000இல் நாப்பிக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். 700 எம்பி சிடியில், சுருக்கி மடித்து, 2 ஜிபி அளவு மென்பொருளை அடைத்திருந்தார். சிடியைப் போட்டால் போதும், கணினியில் எதையும் நிறுவாமலே ஓடும். விண்டோஸ் செத்த கணினியிலிருந்து கோப்புகளை மீட்க எத்தனை பேருக்கு அது கைகொடுத்தது! அதை அடியொற்றி ஜான் ஆண்ட்ரூஸ் என்பவர் 50 எம்பிக்குள் ஒன்று செய்தார். விசிட்டிங் கார்டு அளவுக் குட்டி சிடியில் அடங்கும். 16 எம்பி ரேம் உள்ள 486 கணினியிலேயே ஓடும். அதன் பெயரின் முதல் சொல் வகுப்பில் சொன்னால் நான் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன், ஆகையால் இங்கே எழுதவில்லை. அவரே 2024இல் அதற்குப் புது வடிவம் வெளியிட்டபோது 50 எம்பி முடியவில்லை, முழு சிடி அளவுக்குப் போக வேண்டியதாயிற்று. இன்றைய இணைய உலாவிகள் அவ்வளவு பெருத்துவிட்டன.

என் வீட்டில் நாய்க்குட்டிப் படத்தோடு வந்தது பப்பி லினக்ஸ். அதைச் செய்தவர் ஆஸ்திரேலியாவின் பேரி காலர். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். 2003இல் முதல் வடிவம். தன் வீட்டுக் குட்டி நாயின் நினைவாகத்தான் அந்தப் பெயரும் படமும். சின்ன நாய், ஆனால் எதற்கும் பயப்படாதாம். மொத்த இயங்குதளத்தையும் தூக்கி ரேமில் வைத்துவிட வேண்டும் என்பது அவர் யோசனை. பென் டிரைவைப் பிடுங்கியும் அது ஓடியதன் ரகசியம் அதுதான்.

இன்னொருவர் தைவான்காரர், ஹோங் ஜென் யீ. தொழிலால் மருத்துவர்! கோப்புகளைப் பார்க்கும் சின்ன நிரல் ஒன்றை 2006இல் எழுதினார். அதைச் சுற்றி வளர்ந்ததுதான் எல்எக்ஸ்டிஇ என்ற இலகுவான திரைச்சூழல். உபுண்டு என்ற புகழ்பெற்ற லினக்ஸுக்கு அந்த இலகுவான திரையைப் பொருத்தி லுபுண்டு ஆக்கினார்கள். 2011இல் அது உபுண்டு குடும்பத்தின் அதிகாரபூர்வ உறுப்பினர் ஆயிற்று. எந்த லினக்ஸும் அடியில் ஒரே அடுப்புதான். மேலே வைக்கும் பாத்திரம்தான் கனமா இலேசா என்று மாறுகிறது.

நம் ஊரிலும் சரித்திரம் இருக்கிறது. சென்னையில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் 2007இல் பாஸ் லினக்ஸ் வெளியிட்டது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் பாஸ். இந்திய மொழிகளில் வேலை செய்யவென்றே செய்தது. தமிழும் உண்டு. 2011 செப்டம்பர் 15இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார்கள். நினைவிருக்கிறதா? பொத்தானை அழுத்தியதும் கருப்புத் திரையில் பெயர்கள் வரும், எது வேண்டும் என்று கேட்கும்.

இப்போது மன்னிப்புக்கு வருகிறேன்.

நான் எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் வேலை பார்த்தவள். என்னிடம் படித்துவிட்டுப் பிளஸ் டூ போன பிள்ளைகள் மடிக்கணினி வாங்கியதும் ஓடி வந்து காட்டுவீர்கள். "டீச்சர், இதுல ரெண்டு இருக்கே, எது நல்லது?" என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த இன்னொன்றை நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. "அது வேலைக்கு ஆகாது, இடத்தை அடைக்கும், அழிச்சிடச் சொல்லு" என்றேன். ஒருத்தர் இரண்டு பேரிடம் அல்ல. கேட்ட எல்லாரிடமும்.

2014இல் ஒரு பெண் வந்தாள். பெயர் சொல்லவில்லை, இதைப் படித்தால் அவளுக்கே தெரியும். விண்டோஸில் வைரஸ் வந்து எதுவும் திறக்கவில்லை. கல்லூரியில் ஒப்படைப்பு கொடுக்க வேண்டும், முழுவதும் அதில்தான் அடித்து வைத்திருந்தாள். அந்தக் கருப்புத் திரையில் இரண்டாவது பெயர் அப்போது நன்றாகத்தான் இருந்தது. விண்டோஸின் வைரஸ் லினக்ஸில் ஓடாது. அதில் நுழைந்திருந்தால் கோப்புகளை எடுத்திருக்கலாம், அதிலேயே ஒப்படைப்பை அடித்து முடித்திருக்கலாம். நான் கடைக்கு அனுப்பினேன். 700 ரூபாய். அவள் அம்மா தீப்பெட்டி ஆபீசில் சம்பாதித்த காசு. கடையில் மொத்தமாகத் துடைத்து விண்டோஸை மட்டும் ஏற்றிக் கொடுத்தார்கள். ஒப்படைப்பு போயிற்று. இரண்டு மாதத்தில் மறுபடி அதே வைரஸ். வீட்டில் சலித்துப்போய் மடிக்கணினியை 3,500 ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். மீதி இரண்டு வருஷமும் அவள் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக் காசு கொடுத்துப் படித்தாள்.

அவளே இதையெல்லாம் ஒரு திருமண வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. பென் டிரைவைப் பிடுங்கிய பிறகும் அந்தத் திரை அணையாமல் நின்றதே, அப்போதுதான் உறைத்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வகுப்பில் உங்களுக்கு அதைத்தானே சொல்லிக்கொடுத்தேன். மன்னித்துவிடம்மா.

சரி, என் மடிக்கணினி என்ன ஆயிற்று? பப்பியில் வேலையை முடித்ததும் சேமிப்புக் கோப்பு ஒன்றில் எழுதி வைக்க வேண்டும். எனக்கு அது குழப்பமாக இருந்தது. அதனால் லுபுண்டுவை ஏற்றிக்கொண்டோம். ஏற்றும் முன் பழைய கோப்புகளை எல்லாம் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்தோம். இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். டிஸ்க்கை முழுவதும் அழிக்கட்டுமா என்று அது கேட்கும், ஆமாம் என்று அழுத்திவிட்டால் திரும்ப வராது. முதலில் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தோம். வைஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, திரை வெளிச்சம் மாறுகிறதா. எல்லாம் சரி என்ற பிறகுதான் நிறுவினான். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது.

தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 30 வருடக் கேள்வித்தாள்களில் பாதி வானவில் எழுத்துருவில் அடித்தவை. திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக வந்து பயமுறுத்தியது. பழைய எழுத்துருக் கோப்பைக் கொண்டுவந்து அதற்குரிய அடைவில் வைத்ததும் தமிழ் வந்தது. 2010இல் அரசே யூனிகோடுக்கு மாறச் சொன்னபோது நானும் மாறியிருந்தால் இந்தப் பாடு இல்லை! தமிழ்99 விசைப்பலகை அமைப்பில்தான் சேர்த்தோம், இப்பதிவு அப்படி அடித்ததே. உலாவியில் இரண்டு பக்கத்துக்கு மேல் திறந்தால் மேடை நிரம்பிவிடுகிறது, மூன்றாவதுக்கு ஒன்றை மூடுகிறேன். பிரிண்டரை மட்டும் இன்னும் வழிக்குக் கொண்டுவரவில்லை. அவன் அடுத்த தடவை வரும்போது பார்க்கிறேன் என்றிருக்கிறான்.

உங்கள் வீட்டுப் பரணில் அந்த மடிக்கணினி இன்னும் இருந்தால் சார்ஜரோடு எடுத்து வாருங்கள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றும் வேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். பிரிண்டர் விஷயம் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள்.