பாம்பு விஷமும் பிரஷர் குளிசையும்

காயம் பட்ட இடம் சிவக்கும், வீங்கும், சுடும், வலிக்கும். இந்த நான்கையும் ரோமானியரான செல்சஸ் முதலாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டார். உடலுக்குள் இருந்து இதைச் செய்வது யார் என்று கண்டுபிடிக்கத்தான் 1,900 வருடங்கள் பிடித்தன.

முதலில் அகப்பட்டது ஹிஸ்டமின். 1910இல் இங்கிலாந்தில் ஹென்றி டேல் அதன் குணங்களை ஆராய்ந்தார். ஆனால் எல்லா வேலையும் அதனுடையதல்ல.

1948இல் பிரேசிலின் சாவோ பாவுலோவில் ரோச்சா இ சில்வா, பெரால்டோ, ரோசன்ஃபெல்ட் என்ற மூவர் ஜரராக்கா பாம்பின் விஷத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நம் வயல்களில் நடமாடும் புடையனைப் போல அதுவும் விரியன் இனம்தான். விஷம் ஏற்றிய நாயின் இரத்தத்தை எடுத்து, கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டொன்றில் பட விட்டார்கள். குடல் சுருங்கியது, ஆனால் ஆறுதலாக. ஹிஸ்டமின் என்றால் சட்டென்று சுருங்கியிருக்கும். ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தும் இந்தச் சுருக்கம் நிற்கவில்லை.

நமக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்தப் பொருள் விஷத்திலேயே இல்லை! இரத்தத்தில் சும்மா கிடந்த ஒரு புரதத்தை விஷம் வெட்டியது; வெட்டுப்பட்டு வந்த சிறு துண்டுதான் குடலைச் சுருக்கியது. மெதுவாக அசைப்பது என்ற பொருளில் அதற்கு பிரடிகினின் என்று பெயர் வைத்தார்கள். பாம்பு தேவையில்லை, சாதாரணக் காயத்திலும் நம் உடல் இதை உண்டாக்குகிறது. இரத்தக் குழாய் விரிவதும், நீர் கசிந்து வீங்குவதும், நரம்பு வலிப்பதும் இதனாலும்தான்.

உடலில் ஒரு நொதியம் பிரடிகினினை உடனுக்குடன் உடைத்துவிடும். அதைத் தடுக்கும் பொருளும் அதே ஜரராக்கா விஷத்தில் இருப்பதை 1965இல் செர்ஜியோ ஃபெரேரா காட்டினார். இரத்த அழுத்தத்தை ஏற்றும் பொருளை உருவாக்குவதும் அந்த நொதியமே. அந்த விஷத்தைப் பார்த்துப் பழகித்தான் கப்டோப்ரில் செய்தார்கள். 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கிளினிக்கில் தருகிற எனலாப்ரில் அதன் தம்பி.

இந்தக் குளிசை போடுகிறவர்களில் சிலருக்கு விடாத வரட்டு இருமல் வரும். உடையாமல் தேங்கும் பிரடிகினின் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மாதக்கணக்கில் இருமல் பாணி குடித்துச் சமாளிக்கும் வாப்பாமார், உம்மாமார் நம் வீடுகளில் இருக்கிறார்கள். குளிசையைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த கிளினிக்கில் டாக்டரிடம் இருமலைச் சொல்லுங்கள். லோசார்டன் போல மாற்றுக் குளிசைகள் உண்டு.