பொதுச் சுவரா, தனிச் சுவரா?

ராமேஸ்வரம் போய்வந்தவர்கள் கொண்டுவந்த வெள்ளைக் கல் ஒன்று மேலநீலிதநல்லூரில் எங்கள் வீட்டு அலமாரியில் வெகுகாலமாக இருக்கிறது. உடம்பெல்லாம் துளை, காய்ந்த தேன்கூடு மாதிரி. "பவழம்" என்பார் தாத்தா. நகைக்கடைச் சிவப்புப் பவழம் வேறு. அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. இது முருகைக்கல். கரிசல்காட்டுக்காரனான எனக்கு இந்த வித்தியாசம் ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்தது.

மன்னார் வளைகுடாவின் கடலுயிர்களைப் பற்றி, சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1890-லேயே எழுதியிருக்கிறார். ஆனால் முருகைக்கற்களை ஒவ்வொன்றாக இனம் பிரித்த பெரும்பணி மண்டபம் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த சி. எஸ். கோபிநாத பிள்ளையுடையது. மனோலித் தீவின் பெயரைத் தாங்கிய 'மான்டிபோரா மனோலியென்சிஸ்' 1967-ல் அவர் வைத்த பெயர்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லின் துளைகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துளையும் ஒரு பூச்சி குடியிருந்த கிண்ணம். உள்ளே சக்கரத்தின் ஆரக்கால் போலத் தகடுகள். பாறை உருண்டையாக, கிண்ணம் குண்டூசித் தலையளவே இருந்தால் போரைட்டிஸ். மான்கொம்பாகக் கிளைத்து, கிளை நுனியில் ஒரு கிண்ணம் தனியே நின்றால் அக்ரோபோரா. மூளை மடிப்புப் போல நெளிந்தால் பிளாட்டிகைரா. எனக்குப் பிடித்தது அடுத்தது: பக்கத்துப் பக்கத்துக் கிண்ணங்களுக்குத் தனித்தனிச் சுவர் இருந்தால் ஃபேவியா, பொதுச் சுவர் என்றால் கோனியாஸ்ட்ரியா. நம் தெரு வீடுகளுக்கும் இந்தக் கணக்குத்தானே! மரபணுவைப் பார்த்து, நம் பக்கத்து ஃபேவியாவுக்கு இப்போது 'டிப்சாஸ்ட்ரியா' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். சுவர் மட்டும் அப்படியே இருக்கிறது.

1969-ல் முருகைக்கற்களுக்காகவே மண்டபத்தில் ஒரு கருத்தரங்கு நடந்தது. அதே காலத்தில் தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகளிலிருந்து அதே கற்கள் வள்ளம் வள்ளமாகச் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போய்க்கொண்டிருந்தன. பெயர் வைப்பவர் ஒரு பக்கம், சுட்டுப் பொடியாக்குபவர் மறுபக்கம். வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. கல்லெடுத்ததும் ஒரு காரணம். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. 2001-ல்தான் எல்லாக் கல்பவழங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. புலிக்கு உள்ள பாதுகாப்பு இந்தக் கல்லுக்கும்.

போன வாரம் தாத்தாவின் கல்லைத் துடைத்து, பேரனின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பொதுச் சுவர்.