ஒத்த உருவமும் அதே உருவமும்: படவழித் தேடலின் எல்லை

சொல்லைத் தட்டச்சு செய்யாமல் படத்தையே கொடுத்து இணையத்தில் தேடுவது இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவருக்கும் பழகிய செயல். டொராண்டோவில் உருவான டின்ஐ என்னும் தேடல் தளம் 2008-இல் வெளிவந்தது. கூகுள் 2011-இல் இவ்வசதியைத் தந்தது. 2017-இல் கூகுள் லென்ஸ் வந்தது. எல்லாவற்றையும் படவழித் தேடல் என்ற ஒரே பெயரால் சுட்டினாலும் அதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் அடங்கியுள்ளன. இதே படம் வேறு எங்கே இருக்கிறது? இதைப் போன்றவை எவை? இப்படத்தில் இருக்கும் அதே பொருள் வேறு எந்தப் படத்தில் இருக்கிறது? முதல் இரண்டுக்கும் இயந்திரம் நன்றாகவே விடை தருகிறது. மூன்றாவதில் தடுமாறுகிறது. களவுபோன கோயில் திருமேனிகளைத் தேடுவோருக்கு வேண்டியதோ மூன்றாவதற்கான விடைதான்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயிலிலிருந்து களவுபோன செப்புத்திருமேனி நடராசரைக் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களிலிருந்தே தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அப்படங்களுள் ஸ்ரீபுரந்தான் நடராசரும் இருந்தார். கலைக்கூடத்தின் படத்தையும் நிறுவனத்தின் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது இரண்டிலும் இருப்பது ஒரே திருமேனி என்ற உண்மை வெளிப்பட்டது. 2014 செப்டம்பரில் அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் அத்திருமேனியைப் புதுதில்லியில் நேரில் ஒப்படைத்தார். விருத்தாசலம் கோயில் மாடத்திலிருந்து பெயர்க்கப்பட்டிருந்த அர்த்தநாரீசுவரர் கற்சிலையும் உடன் திரும்பியது.

படவழித் தேடல் அப்போது பரவலாகக் கிடைத்தது. ஆயினும் இந்த ஒப்பீட்டைச் செய்து முடித்தது மனிதக் கண். காரணத்தை அறியத் திருமேனி உருவாகும் முறையைப் பார்க்க வேண்டும்.

ஸ்தபதி தாலமான அளவுப்படி மெழுகில் உருவம் சமைக்கிறார். அதன்மேல் வண்டல் மண் பூசி உலர்த்துகிறார். சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்துத்தான் உருவத்தை எடுக்க முடியும். ஆகவே ஓர் அச்சிலிருந்து ஒரே ஒரு திருமேனிதான் பிறக்கிறது. இலக்கணத்தால் எல்லா நடராசரும் ஒத்தவர்கள். வார்ப்பால் ஒவ்வொருவரும் தனியர். திருவாசியில் சற்றே சாய்ந்த ஒரு சுடர், விரிசடையில் முறிந்த ஓர் இழை, பீடத்தின் விளிம்பில் உலோகம் சரியாக ஓடாமல் நின்ற குழி, பழைய ஒட்டு வேலையின் தடம் ஆகியவையே அடையாளத்தை உறுதிசெய்கின்றன.

லென்ஸ் போன்ற இன்றைய கருவிகள் படத்தை ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றி, நெருங்கிய எண் வரிசை கொண்ட படங்களை எடுத்துத் தருகின்றன. கோடிக்கணக்கான படங்களைக் கொண்டு அவற்றைப் பயிற்றுவிக்கையில், வெளிச்சம் மாறினாலும் கோணம் திரும்பினாலும் ஒரு மூலை சிதைந்திருந்தாலும் நாற்காலியை நாற்காலி என்றே அறியக் கற்பிக்கிறார்கள். சிறு வேறுபாடுகளைப் பொருட்படுத்தாதிருப்பதே அப்பயிற்சியின் வெற்றி. அந்தச் சிறு வேறுபாடுகளில்தான் நம் சான்று இருக்கிறது. நடராசர் படம் ஒன்றைக் கொடுத்தால் திரையில் நூறு நடராசர்கள் வந்து நிற்பது இதனால்தான். இயந்திரம் இலக்கணத்தைக் கண்டுவிட்டது, வார்ப்பைக் காணவில்லை.

கணினி அறிவியலாளர் டேவிட் லோவ் 1999-இல் முன்வைத்த பழைய முறை இதற்கு நேர் எதிரானது. படத்தின் தனித்த புள்ளிகள் ஒவ்வொன்றையும் எண்களால் விவரித்து, இரண்டு படங்களின் புள்ளிகளைப் பொருத்திப் பார்ப்பது அது. கட்டட முகப்புக்கும் ஓவியத்துக்கும் நன்கு பொருந்தும். பளபளக்கும் உலோகத்தில் ஒளித்தெறிப்பு கோணத்துக்குக் கோணம் இடம் மாறுவதால் புள்ளிகளும் மாறிவிடுகின்றன. பட்டும் மாலையும் சாத்திய உற்சவர் படம் என்றால் பொருத்திப் பார்க்கப் புள்ளியே மிஞ்சாது.

இன்னொரு தடை நுட்பத்தைச் சேர்ந்ததன்று, ஆவணத்தைச் சேர்ந்தது. எவ்வளவு கூர்மையான தேடலும் தன் அட்டவணையில் இல்லாத படத்தைக் காட்டாது. புதுச்சேரித் தொகுப்பின் மதிப்பு படங்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. எந்த ஊர், எந்தக் கோயில், எந்தத் தெய்வம் என்ற குறிப்போடு அவை இருந்தன. படம் படத்தோடு பொருந்தியது உண்மைதான். ஆனால் கலைக்கூடத்தின் நடராசருக்கு ஓர் ஊரை மீட்டுத் தந்தது அந்தக் குறிப்பு. அதை எழுதி வைத்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. படம் சொல்லின் இடத்தைப் பிடித்துவிட்டது என்ற கூற்றை நான் ஏற்காததற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

1997-இல் வகுக்கப்பட்ட 'ஆப்ஜெக்ட் ஐடி' என்னும் ஆவணத் தரமும் இதையே உணர்ந்திருக்கிறது. ஒளிப்படத்தோடு அளவு, பொருள், எழுத்துப்பொறிப்பு, தனித்த அடையாளக் குறிகள் ஆகியவற்றையும் பதியச் சொல்கிறது அது. இன்டர்போல் 2021-இல் வெளியிட்ட 'ஐடி-ஆர்ட்' செயலி, களவுபோன ஏறத்தாழ 52,000 கலைப்பொருள்களின் பட்டியலில் படத்தைக் கொண்டே தேட வழிசெய்தது. இணையம் முழுவதையும் துழாவாமல், வரையறுத்த பட்டியல் ஒன்றுக்குள் தேடுவது என்ற இந்த ஏற்பாடே கோயில் திருமேனிகளுக்கும் ஏற்றது. திருட்டு நிகழ்ந்த பின் பட்டியலில் சேர்ப்பதோடு நிற்காமல், கோயிலில் பத்திரமாக இருக்கும்போதே ஒவ்வொரு திருமேனியையும் அலங்காரம் களைந்த நிலையில் முன், பின், பக்கம், பீடத்தின் அடி எனப் படமெடுத்து, குறைகளைச் சொல்லால் எழுதிச் சேர்க்க வேண்டும்.

இப்படங்களை வெளியிட்டால் திருடர்களுக்கே வழிகாட்டியாகிவிடும் என்ற மறுப்பு எழுகிறது. அது நியாயமான அச்சம். ஸ்ரீபுரந்தானைப் போன்ற காவல் குறைந்த சிற்றூர்க் கோயில்களே இரையாகியிருக்கின்றன. எனினும் தேடுவதற்குப் பட்டியலைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. ஏலத்துக்கு வந்த ஓர் உருவத்தின் படத்தை எவரும் அனுப்பலாம். ஒப்பீடு உள்ளே நடக்கலாம். பொருந்தக்கூடிய பத்துப் பதினைந்தை இயந்திரம் ஒதுக்கித் தந்தால், பீடத்துக் குழியையும் சாய்ந்த சுடரையும் சரிபார்த்து முடிவு சொல்வது பயிற்சி பெற்ற ஓர் ஆய்வாளரின் வேலையாக இருக்கலாம். அனுப்பியவருக்குத் தெரியவேண்டியது, அப்பொருள் பதிவில் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே.