கோழிக்குஞ்சின் கால் கோளாறுகள்: பன்வில வட்டாரம்

முட்டையை உடைத்து வெளிவந்த குஞ்சு, ஈரம் உலர்ந்த பிறகும் எழுந்து நிற்க முடியாமல் தடுமாறினால் அதைக் கால் கோளாறு என்று பொதுவாகச் சொல்வார்கள். இது ஒரு தனி நோயல்ல. கால்கள் இருபுறமும் விரிந்துபோவது, விரல்கள் உள்ளே சுருள்வது, கணுமூட்டின் தசைநாண் இடம் விலகுவது, தொப்புள் தொற்றால் குஞ்சு துவள்வது, வைரஸ் தாக்கி நடுங்கிச் சாய்வது எனக் குறைந்தது ஐந்து வெவ்வேறு நிலைகள் இந்த ஒரே பெயருக்குள் வருகின்றன. முதல் இரண்டையும் வீட்டிலேயே திருத்தலாம். அதுவும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள். மற்றவற்றில் பிளாஸ்டர் ஒட்டிப் பயனில்லை. பெரும்பாலும் காரணம் குஞ்சின் காலில் இருப்பதில்லை. தாய்க்கோழி தின்ற தீனிலோ, முட்டைக்குக் கிடைத்த சூட்டிலோ, குஞ்சு முதலில் மிதித்த தரையிலோதான் அதைத் தேட வேண்டும்.

வட்டாரச் சூழல்

பன்வில, கண்டி மாவட்டத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில், வத்தேகமைக்கு அப்பால் உள்ள சிறு நகரம். மடுல்கலை, ஹுலுகங்கை என்று சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களும் சிங்களக் கிராமங்களும் கலந்து கிடக்கும் பிரதேசம். லயத்துக்குப் பின்னால் கிடைக்கும் துண்டு நிலத்தில் நான்கைந்து நாட்டுக்கோழி வளர்ப்பது இங்கே புதிதல்ல. அடைக்கோழியைக் கூடையில் காய்ந்த புல் போட்டு அமர்த்தினால் 21ஆம் நாளில் குஞ்சு பொரியும். புல்லில் கால் ஊன்றிப் பழகும் அந்தக் குஞ்சுகளுக்குக் கால் விரிவது அபூர்வம். நக்கிள்ஸ் காட்டில் சருகின் மேல் பொரிக்கும் இலங்கைக் காட்டுக்கோழிக்கும் (நாட்டின் தேசியப் பறவை அதுதான்) தரை வழுக்கும் தொல்லை கிடையாது.

தொல்லை தொடங்குவது பெட்டியில் பொரிக்க வைக்கும்போது. ரெஜிபோம் பெட்டி, இரண்டு பல்பு, ஒரு தெர்மோஸ்டாட், கிண்ணத்தில் தண்ணீர்: வீட்டு அடைகாப்பான் இவ்வளவுதான். விசிறி வைத்த பெட்டிக்குள் 37.5 முதல் 37.8 பாகை செல்சியஸ் வரை சூடு இருக்க வேண்டும். ஈரப்பதம் முதல் 18 நாட்களுக்கு 50 முதல் 55 வீதம், கடைசி மூன்று நாட்களுக்கு 65 வீதத்துக்கு மேல். மலைப்பக்கத்துக் குளிர் இரவுக்கும் வெயில் ஏறிய நண்பகலுக்கும் நடுவே இந்த அளவைக் காப்பது எளிதல்ல. சூடு 39 பாகைக்கு மேல் ஏறி நீடித்தால் குஞ்சுகள் முந்திப் பொரிக்கும்; வயிற்றுக்குள் போக வேண்டிய மஞ்சள் கரு முழுதாகப் போகாது; கால்களும் விரல்களும் கோணும். சூடு குறைந்தால் பொரிப்பு பிந்தும், குஞ்சு சோர்ந்து வரும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு அமுலில் இருந்தபோது பல்பை நம்பிய பெட்டிக்கு என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதல் நாள்

அவசரம் கூடாது. ஓட்டில் முதல் துளை விழுந்ததிலிருந்து குஞ்சு வெளிவர ஒரு முழு நாள்கூட ஆகலாம். வந்த பிறகு நனைந்த உடம்போடு கவிழ்ந்து கிடப்பதும், காலை இழுத்து இழுத்து நகர்வதும், விரலை மடக்கியபடி ஊன்றுவதும் இயல்பு. உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு மூன்று நாட்களுக்கு உணவாகும் என்பதால் தீனை ஊட்டிவிடவும் தேவையில்லை. உடம்பு உலர்ந்து பஞ்சாகி அரை நாள் கழிந்தும் நிற்கவில்லை என்றால்தான் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பார்க்கும் முறை முக்கியம். குஞ்சை மல்லாத்தி உள்ளங்கையில் வைத்து, இரண்டு கால்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். கால் இடுப்பிலிருந்தே வெளிப்பக்கம் போகிறதா? பின்னோக்கி மடங்கும் கணுமூட்டு வீங்கியோ தட்டையாகவோ இருக்கிறதா? விரல்கள் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கின்றனவா, பக்கவாட்டில் கோணியிருக்கின்றனவா? தொப்புள் மூடி உலர்ந்துவிட்டதா? இந்த நான்கு கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் கட்டுப்போடுவது வீண்வேலை.

கால் விரிதல்

அதிகம் காணப்படுவதும், திருத்த எளிதானதும் இதுதான். ஒரு காலோ இரண்டுமோ பக்கவாட்டில் சறுக்கிப்போய், குஞ்சு வயிற்றைத் தரையில் வைத்துத் துடுப்புப் போடுவது போலத் தள்ளிக்கொண்டு கிடக்கும். செய்தித்தாள், பிளாஸ்டிக் தட்டு, வெறும் சீமெந்துத் தரை, வழுவழுப்பான அட்டைப்பெட்டி ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். பிறந்தவுடன் எலும்பும் தசைநாரும் இளக்கமாக இருப்பதால், சறுக்கிய நிலையிலேயே இரண்டொரு நாள் கிடந்தால் கால் அப்படியே படிந்துவிடும். அதே இளக்கம்தான் திருத்துவதற்கும் வழிவிடுகிறது. முதல் இரண்டு நாளுக்குள் கட்டினால் பெரும்பாலும் தேறும். ஒரு வாரம் கடந்தால் நம்பிக்கை குறைவு.

கட்டுவதற்குப் பார்மசியில் கிடைக்கும் சாதாரண ஒட்டுப் பிளாஸ்டரே போதும். நடுவில் பஞ்சுத் துணி வைத்த விரல் பிளாஸ்டரை நீளவாக்கில் அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். பஞ்சுப் பகுதி இரண்டு கால்களுக்கும் இடையில் பாலம் போல நிற்க, இரு முனைகளையும் கணுமூட்டுக்கும் பாதத்துக்கும் நடுவிலுள்ள மெல்லிய தண்டைச் சுற்றிக் கொண்டுவந்து பாலத்தின் மேலேயே ஒட்ட வேண்டும். தோலில் இறுகக்கூடாது, கட்டுக்கும் காலுக்கும் இடையே ஒரு தீக்குச்சி நுழையும் இளக்கம் வேண்டும். இரண்டு கால்களுக்கும் இடையே உள்ள இடைவெளி, நல்ல குஞ்சு இயல்பாக நிற்கும் அகலம்: சாதாரணக் குஞ்சுக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர், சிற்றினங்களுக்கு இன்னும் குறைவு. இடைவெளியை ஒடுக்கிக் கட்டுவது பலர் செய்யும் பிழை. கால்கள் ஒட்டிக்கொண்ட குஞ்சு நிற்காது, உருளும்.

நூலும் ரப்பர் வளையமும் வேண்டவே வேண்டாம். அவை இரத்த ஓட்டத்தை அறுத்துவிடும். கட்டிய ஒரு மணிநேரம் கழித்துப் பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். குளிர்ந்தோ, வீங்கியோ, நிறம் கறுத்தோ இருந்தால் உடனே அவிழ்க்க வேண்டும். குஞ்சு நாளுக்கு நாள் தடிப்பதால் தினமும் அவிழ்த்துப் புதிதாகக் கட்டுவது நல்லது. ஒட்டுப்பசை விடாவிட்டால் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். இழுத்தால் தோல் உரியும்.

கட்டிய முதல் மணிநேரங்களில் குஞ்சு முன்னும் பின்னும் விழும். அதற்காகக் கட்டை அவிழ்க்கக்கூடாது. மென்துணி வைத்த ஒரு தேநீர்க் கோப்பைக்குள் கால்கள் நேரே வயிற்றுக்குக் கீழே வரும்படி சிறிது நேரம் உட்கார வைத்தால் நிற்கும் நிலை உடம்புக்குப் பழகும். பிறகு சாக்குத் துணியோ பழைய டவலோ விரித்த தரையில் விட்டு, நாளுக்கு ஐந்தாறு தடவை வயிற்றுக்குக் கீழே விரல் கொடுத்து நடக்கப் பழக்க வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வைப்பது கட்டாயம், கால் கட்டிய குஞ்சு விரல் ஆழத் தண்ணீரிலும் மூழ்கும். மற்றக் குஞ்சுகள் மிதிக்காமலும் கொத்தாமலும் பிரித்து வைக்கலாம். ஆனால் சாதுவான ஒரு துணைக் குஞ்சு கூட இருக்கட்டும். தனியே விட்டால் கத்திக்கத்தியே சோரும். முதல் வாரத்தில் குஞ்சு மட்டத்தில் 32 முதல் 35 பாகை சூடு வேண்டும். குளிரில் விறைத்த குஞ்சு எந்தக் கட்டிலும் நிற்காது. இரண்டு முதல் ஐந்து நாளில் கட்டை எடுத்துவிடலாம்.

விரல் சுருளுதல்

விரல்கள் கைமுட்டி போல உள்ளே மடங்கி, குஞ்சு விரலின் முதுகை ஊன்றி நடக்கும். அடைகாப்பானில் சூடு பிசகினாலும் இது வரும். மெல்லிய அட்டையைப் பாதத்தின் அளவுக்கு வெட்டி, முன்விரல்கள் மூன்றையும் விரித்து வைத்து, மேலும் கீழுமாகப் பிளாஸ்டரால் ஒட்டினால் சிறு செருப்பு ஆகிவிடும். ஒன்றிரண்டு நாளில் விரல் நேராகிவிடும். விரல் கீழே சுருளாமல் பக்கவாட்டில் கோணியிருந்தால் அது பெரும்பாலும் பரம்பரைக் குறை. குஞ்சு அதோடு நன்றாகவே வாழும். அதை அடைமுட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்ளக்கூடாது.

ஒன்றிரண்டு வார வயதில், நேற்றுவரை ஓடிய குஞ்சுகள் கணுமூட்டில் உட்கார்ந்து விரல் சுருட்டத் தொடங்கினால் கதை வேறு. அது விட்டமின் பி2 பற்றாக்குறையால் காலுக்குப் போகும் நரம்பு கெடுவது. உடனே பி2 கொடுத்தால் திரும்பும்; நாள் கடந்தால் நரம்பு மீளாது. தண்ணீரில் கலக்கும் விட்டமின் தூள் கோழித்தீன் கடைகளில் கிடைக்கும். வெளிச்சத்தில் பி2 சிதைவதால் தினமும் புதிதாகக் கலந்து நிழலில் வைக்க வேண்டும். அவித்த முட்டை மஞ்சளும் உதவும். மனிதக் குழந்தைகளுக்கான சொட்டு மருந்தைக் கொடுப்பதானால் இரும்புச்சத்து சேராததாக இருக்க வேண்டும்.

இங்கே தாய்க்கோழியின் தீனைப் பார்க்காமல் குஞ்சை மட்டும் பார்த்துப் பயனில்லை. மேய்ந்து திரியும் கோழி புல்லும் புழுவும் கறையானும் தின்று தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ளும். ஆனால் பன்விலப் பக்கம் கீரி, மரநாய், பருந்து, தெருநாய் என்று எதிரிகள் ஏராளம்; தேயிலைக்குக் களைகொல்லி அடிக்கும் நாட்களில் கோழியை வெளியே விடவும் முடியாது. கூட்டில் அடைத்த கோழிக்கு மிஞ்சிய சோறும் ரொட்டித் துண்டும் மட்டுமே கிடைத்தால் முட்டை வரும், முட்டையில் சத்து வராது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாவின் பத்தாவியாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன் கண்டதும் இதே வகைதான். ஆஸ்பத்திரிக் குசினியில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுந்தன. தீட்டாத அரிசிக்கு மாறியதும் எழுந்தன. அங்கே குறைந்தது பி1. அந்த வேலைக்காக எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. முட்டைக்காக வைத்திருக்கும் கோழிக்குத் தவிடும் கீரையும் கொஞ்சம் முட்டைக்கோழித் தீனும் சேர்த்தால் ஒன்றிரண்டு வாரத்திலேயே முட்டையின் சத்து கூடத் தொடங்கும். அடைக்கு வைக்கும் முட்டையை அதன் பிறகு சேர்ப்பதே கணக்கு.

கட்டுப்போட்டுத் தீராதவை

கணுமூட்டின் பின்புறப் பள்ளத்தில் ஓடும் தசைநாண் பக்கத்துக்கு விலகிவிட்டால் மூட்டு தட்டையாகி வீங்கும். கால் உள்ளேயோ வெளியேயோ திரும்பும். தொட்டால் குஞ்சு வலியில் கத்தும். இது மங்கனீசு, கோலின் முதலியவற்றின் குறையால் வருவது. மங்கனீசின் பங்கை 1936இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வில்கஸ், நோரிஸ், ஹியூசர் மூவரும் காட்டினார்கள். மக்காச்சோளத்தில் மங்கனீசு குறைவு, அரிசித் தவிட்டில் தாராளம். காலை மெல்ல நீட்டித் தசைநாணை விரலால் பள்ளத்துக்குள் தள்ளலாம். அன்றே பார்த்தால் சில வேளை நிற்கும், பெரும்பாலும் மறுபடி வழுக்கும். இரண்டு காலிலும் விலகிய குஞ்சை வலியோடு இழுத்தடிக்காமல் கால்நடை வைத்தியரிடம் சொல்லி முடித்துவிடுவதே இரக்கம். மூட்டைக் காப்பதாக எண்ணிச் சுண்ணாம்புச் சத்து மிகுந்த முட்டைக்கோழித் தீனைக் குஞ்சுக்குப் போடுவதும் தவறு. அது மங்கனீசைத் தடுக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். குஞ்சுக்குக் குஞ்சுத் தீன்தான்.

வயிறு உப்பி, தொப்புள் ஈரமாகி நாற்றமெடுத்தால் அது தொற்று. அழுக்குமுட்டையும் சுத்தம் செய்யாத பெட்டியும் இதற்கு ஊற்று. முதல் வாரத்திலேயே பல குஞ்சுகள் தலையும் கழுத்தும் நடுங்கிச் சாய்ந்தால், தாய்க்கோழி வழியாக முட்டையில் வந்த மூளை அழற்சி வைரஸ் என்று ஐயப்பட வேண்டும். அதற்குச் சிகிச்சை இல்லை; தாய்க்கூட்டத்துக்கு முன்கூட்டியே தடுப்பூசி போடுவதுதான் வழி. மரெக் நோயிலும் கால் விளங்காமல் போகும் என்றாலும் அது வாரக்கணக்கில் வளர்ந்த குஞ்சுக்கு வருவது. பொரித்த குஞ்சில் அதைத் தேட வேண்டியதில்லை.

எங்கே காட்டுவது

கோழி மருத்துவத்துக்குக் கண்டிப் பக்கம் கொடுத்துவைத்த இடம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடமும், கன்னொறுவையில் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும், கெட்டம்பேயில் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகமும் இங்கேதான் இருக்கின்றன. ஒரு குஞ்சுக்குக் கால் விரிந்ததற்கு யாரும் அங்கே போக வேண்டியதில்லை. ஒரே பொரிப்பில் பல குஞ்சுகளுக்கு ஒரே கோளாறு வந்தால் முதலில் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். நோயுற்ற உயிர்க்குஞ்சு ஒன்றையும், பொலித்தீன் பையில் கட்டி ஐஸ் வைத்த, அன்று செத்த குஞ்சு ஒன்றையும் கொண்டுபோனால் சோதனைக்கு உதவும். உறைய வைத்த உடலில் திசு கெட்டுவிடும். பெட்டியின் சூடு நாள்வாரியாக எவ்வளவு, முட்டை யாருடைய கோழியினது, தாய்க்கு என்ன தீன் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. வைத்தியர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.