பிரேக் ஏன் கத்துது? லைனிங்கின் இரண்டு வரலாறுகள்

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில், ஒரகடம் சந்திப்புக்கிட்ட நின்றால் ஒரு சத்தம் தவறாமல் கேட்கும். கம்பெனிக்குப் பாகங்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பிக்கப்புகள் சிக்னலில் நிற்கப்போகும் கடைசி சில அடிகளில் ஒரு நீளமான கீச்சு. டிரைவர்கள் இதை "பிரேக் கத்துது" என்பார்கள். மெக்கானிக்கிடம் நடக்கும் பேச்சும் பெரும்பாலும் ஒன்றுதான். "போன மாசம்தான் பேடு மாத்தினேன்ணே, திரும்பவும் கத்துது." "லோக்கல் பேடு போட்டிருப்ப. நல்ல பேடு போட்டா நின்னுடும்." அடுத்த பேடும் வாங்கப்படும். ஒரு மழைக்குப் பிறகு அதுவும் கத்தும்.

குற்றம் ஏன் எப்போதும் பேடு மேலேயே, அல்லது டிரம் பிரேக்கில் லைனிங் மேலேயே விழுகிறது? இதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு வரலாறு இருக்கிறது.

1902ல் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு தட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்வும் தாடைகள். இன்றைய பிக்கப்பின் முன்சக்கரத்தில் இருப்பதும் அடிப்படையில் அதேதான். ஆனால் அவர் தாடையில் வைத்தது செம்பு. உலோகமும் உலோகமும் உரசினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சத்தம் தாங்க முடியாததாக இருந்தது. இன்னொரு பக்கம் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897லிருந்து டெர்பிஷயர் மலைப்பாதையில் குதிரைவண்டிகளுக்கான பிரேக் கட்டைகளைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கத்தில் வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸைச் சக்கரத்தில் அண்டக்கொடுப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. அவர் தொடங்கிய ஃபெரோடோ கம்பெனி பிறகு அஸ்பெஸ்டாஸ் லைனிங்குக்கு வந்தது. சூடு தாங்கும், நாராக இருப்பதால் பிசினோடு சேர்ந்து கெட்டிப்படும், விலையும் மலிவு. பிரேக்கில் பிரச்சினையா, பொருளை மாற்று என்ற பாடம் தொழிலுக்குள் வந்தது இப்படித்தான்.

அந்தத் தொழில் நம்மூருக்கு வந்தது 1960களில். லூகாஸ் குழுமத்தோடு சேர்ந்து டிவிஎஸ் குடும்பம் பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது 1962ல். அதே வருஷம், அதே பாடியில், ஏர் பிரேக்குக்காக சுந்தரம்-கிளேட்டன். 1964ல் ரானே பிரேக் லைனிங், 1974ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் ஹூண்டாய் கார் வெளியே வருவதற்கு முன்பே, இந்தப் பகுதிக்குத் தேவையான பிரேக் அறிவு சென்னையின் மேற்கு ஓரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்திருந்தது. அதோடு ஒரு தெருத்தொழிலும் வளர்ந்தது: தேய்ந்த ஷூவிலிருந்து பழைய லைனிங்கைப் பெயர்த்து, புதுசை ரிவிட் அடித்துக் கொடுக்கும் சின்னக் கடைகள். லாரி பேட்டை இருக்கும் ஊரிலெல்லாம் இன்றைக்கும் பார்க்கலாம்.

அஸ்பெஸ்டாஸின் விலை பிறகுதான் தெரிந்தது. அதன் நார்த்தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். நோய் வெளிப்பட இருபது, முப்பது வருஷங்கள்கூட ஆகும். 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவையும் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம் பாதுகாக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அந்த 40 என்ற எண்ணே நோயின் பொறுமையைச் சொல்கிறது. கார் கம்பெனிகள் அஸ்பெஸ்டாஸ் இல்லாத பேடுகளுக்கு மாறின. புதுப் பேடுகளில் உலோக நாரும் செம்பும் கூடின, கத்தல் புகாரும் கூடியது. "பழைய லைனிங்தான் சார் நல்லா இருந்துச்சு" என்று வயதான மெக்கானிக் சொன்னால் அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அஸ்பெஸ்டாஸ் காலத்திலும் பிரேக் கத்தத்தான் செய்தது. அதற்குச் சாட்சி இரண்டாவது வரலாறு.

அது ஒர்க்‌ஷாப்புக்கு வராத வரலாறு. 1938ல் மில்ஸ் என்ற ஆய்வாளர், வேகம் கூடக்கூட உராய்வு குறையும் லைனிங்தான் கத்துகிறது என்றார். கிணற்று ராட்டினம் கீச்சிடுவது மாதிரி, ஒட்டுவதும் வழுக்குவதும் மாறி மாறி. இதுவும் பொருளைப் பற்றிய விளக்கம்தான். ஆனால் 1961ல் ஸ்பர் என்பவர் வேறொன்றைச் சொன்னார்: உராய்வு மாறாமல் இருந்தாலும் பிரேக் கத்தும், காரணம் கோணம்.

இதற்குப் பெரிய கணக்கு வேண்டாம். ஒரு சாக்பீஸைச் சாய்த்துப் பிடித்துக் கரும்பலகையில் இழுங்கள், கோடு அமைதியாக விழும். அதே சாய்வில் முன்பக்கமாகத் தள்ளுங்கள். குத்திக் குத்தி நடுங்கும், கத்தும். பலகை அதே, சாக்பீஸ் அதே. 1972ல் நார்த் என்பவர் இன்னும் ஒரு படி போனார். பேடும் டிஸ்க்கும் ஆளுக்கொரு விதமாக அதிரக்கூடியவை. அந்த இரண்டு அதிர்வுகளும் நெருங்கி வரும்போது உராய்வு ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சக்தியைக் கடத்திவிடுகிறது. அசைவு மைக்ரான் கணக்கில்தான். ஆனால் நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2,000–5,000 ஹெர்ட்ஸுக்குள் அது விழுந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

ஆக, கத்தல் எந்த ஒரு பாகத்துக்குள்ளும் இல்லை. இரண்டு பாகம் ஒன்றோடொன்று உட்காரும் விதத்தில் இருக்கிறது. பேடின் முதுகில் வரும் மெல்லிய ரப்பர்-தகடு ஷிம், பேடின் ஓரத்தைச் சீவி விடும் சரிவு இதெல்லாம் ஸ்பருக்கும் நார்த்துக்கும் பிறகு வந்த புரிதலின் பிள்ளைகள் என்றே நான் பார்க்கிறேன். பேடு மாற்றும்போது பழைய ஷிம்மைக் குப்பையில் போட்டுவிட்டு "காஸ்ட்லி பேடும் கத்துது" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

பிக்கப்புக்கு வருவோம். பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பல வண்டிகளில் சுமையைப் பார்த்துப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வும் உண்டு. காலி வண்டியை நிறுத்த லேசாக மிதித்தாலே போதும், அதையும் பெரும்பாலும் முன்பக்கமே செய்கிறது. குறைந்த வேகம், லேசான மிதி: கத்தலுக்குப் பிடித்த சூழ்நிலை இதுதான். லோடோடு அமைதியாகப் போன வண்டி காலியாகத் திரும்பும்போது கத்துவதில் மர்மம் ஒன்றுமில்லை.

அதனால் பேடுக்கு முன்னால் கேள்விகள். காலையில் முதல் நாலு மிதிக்கு மட்டுமா? அது ராத்திரி ஈரத்தில் பிடித்த துரு, விட்டுவிடலாம். மிதிக்காதபோது கத்தி, மிதித்தால் நிற்கிறதா? பேடில் இருக்கும் எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கில் உரசுகிறது. பேடு தீர்ந்தாச்சு, அன்றைக்கே மாற்றவேண்டும். முன்னால் போகும்போது கத்தி, ரிவர்ஸில் அமைதியா? சாக்பீஸ் கதை, பேடு உட்காரும் கோணத்தைப் பார்க்கவேண்டும். ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் ஹேண்ட்பிரேக்கை மெல்ல இழுத்தால் கத்துகிறதா? சத்தம் பின் டிரம்மில், முன்பேடைக் கழட்டவே வேண்டாம். உள்பேடு தேய்ந்து வெளிப்பேடு புதுசாக இருந்தால் காலிப்பர் நகரும் பின் இறுகியிருக்கிறது. அந்தப் பின்னைச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் வைப்பதற்கு ஆகும் செலவு ஒரு செட் பேடு விலையில் சின்னப் பங்குதான். பேடு விற்கிறவர் இதை முதலில் சொல்லமாட்டார், பாவம், அவர் வியாபாரம் அது.

சட்டமும் இதில் உதவாது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 96ஆம் விதியும் ஐஎஸ் 11852 தரமும் கேட்பது வண்டி நிற்கிறதா என்பதைத்தான். ஒரகடத்திலேயே சுமார் 300 ஏக்கரில் இருக்கும் வாகனச் சோதனை மையத்திலும், சான்றிதழுக்குக் கீச்சு ஒரு கணக்கில்லை. பொருள் மட்டும் மறுபடி மாறிக்கொண்டிருக்கிறது. மழைநீரோடு ஓடையில் கலக்கும் பிரேக் தூசி சால்மன் மீனைப் பாதிக்கிறது என்று கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் 2010ல் சட்டம் போட்டன. பேடில் செம்பு 2021ல் 5 சதவீதத்துக்குக் கீழே, 2025ல் 0.5க்குக் கீழே. லான்செஸ்டர் வைத்த செம்பு இப்போது இரண்டாவது தடவை வெளியேறுகிறது.

டிரம் விஷயத்தில் ஒன்று பாக்கி. டிரம் கத்தினால் உள்ளே சேர்ந்த தூசியும் ஒரு காரணமாக இருக்கலாம், ஷூ உட்காரும் இடம் காய்ந்திருப்பதும் காரணமாக இருக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் உடனே நடப்பது டிரம்மைக் கழட்டி ஏர் பிடிப்பது. கரும்புகை மாதிரி தூசி எழும்பும், பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கும் பையன் முகத்தில் படியும். இந்தியாவில் அஸ்பெஸ்டாஸுக்கு முழுத்தடை கிடையாது. ரிவிட் அடித்து வந்த ஷூவில் என்ன லைனிங் என்று யாரும் கேட்பதில்லை. சோப்புத் தண்ணீர் தெளித்து, நனைத்து, ஈரத்துணியால் துடைத்து எடுத்தால் அந்தத் தூசி எழும்பாது. துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடவேண்டும். பத்து நிமிஷம் கூட ஆகும். அதன் பிறகு ஷூ பின்தட்டில் தொடும் இடங்களைப் பார்த்து, பள்ளம் விழுந்திருந்தால் சரிசெய்து, சூடு தாங்கும் கிரீஸைப் பொட்டு மாதிரி வைக்கவேண்டும், லைனிங்கில் படாமல்.