சக்தி பெற்றவருக்கே ஹஜ்

 

கடன்பட்டாவது ஹஜ்ஜுக்குச் சென்றுவிட வேண்டும், செல்லாது மௌத்தானவர் பாவி என்ற எண்ணம் நம்மவர் சிலரிடம் வேரூன்றியுள்ளது. மார்க்கம் அவ்வாறு கூறவில்லை. அல்குர்ஆனின் மூன்றாம் அத்தியாயம் 97ஆம் வசனம், சென்றுவரச் சக்தி பெற்றவர் மீதே ஹஜ்ஜைக் கடமையாக்குகின்றது. பயணச் செலவு, திரும்பும்வரை குடும்பத்தாரின் ஜீவனம், உடல்நலம், பாதையில் அச்சமின்மை யாவும் அச்சக்தியில் அடங்கும் என இமாம்கள் விளக்கியுள்ளனர்.

வரலாற்றைப் பாருங்கள். ஹிஜ்ரி 6இல் (628) நபி (ஸல்) அவர்கள் சுமார் 1,400 தோழர்களுடன் இஹ்ராம் அணிந்து உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். ஹுதைபிய்யாவில் குறைஷியர் வழிமறித்தனர். கொண்டுசென்ற ஒட்டகங்களை அங்கேயே அறுத்து, தலைமுடி களைந்து, கஃபாவைக் காணாமலே மதீனா திரும்பினார்கள். அடுத்த ஆண்டே உம்ரா நிறைவேறியது. ஹிஜ்ரத்தின் பின் அன்னார் ஹஜ் செய்ததோ ஒரே தடவை, ஹிஜ்ரி 10இல்.

நமது மாவட்டத்திலும் இது வெறும் ஏட்டுச் சட்டமன்று. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு உட்பட வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பலர், யாவற்றையும் இழந்து புத்தளத்து முகாம்களில் வாழ்ந்து அங்கேயே மௌத்தானார்கள். ‘வாப்பா ஹஜ் செய்யவில்லையே’ எனப் பிள்ளைகள் கலங்க வேண்டியதில்லை. ஒருபோதும் சக்தி பெறாதவர் மீது அக்கடமை ஏற்படவே இல்லை. வசதியும் வழியும் இருந்தும் பிற்போட்டு, சொத்து விட்டுச் சென்றவரின் விடயம் வேறு. ஷாஃபிஈ மத்ஹபின்படி அச்சொத்திலிருந்து அவருக்காக ஹஜ் செய்விக்க வேண்டும்.

மீள்குடியேறி வீடு கட்டப் பெற்ற கடன் தீராதிருக்க, ஹஜ் முகவரிடம் பணம் கட்ட விழைவோர் முதலில் கடன் கொடுத்தவரின் வாசலுக்குச் செல்லட்டும்.